நூற்று அறுபத்து மூன்றாவது பெயர்

பிப்ரவரி 14, புதன்

இன்று சாம்பல் புதன். ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களான லெந்து காலம் தொடங்கிவிட்டது.

இந்த டைரி என் பேத்தி பெர்சிஸ் கொண்டுவந்து கொடுத்தது. மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் அவள் ஸ்டாஃப் நர்ஸ். எங்கள் ஈசாக்குவிளையில் அந்த வெள்ளை உடுப்பைப் போட்ட முதல் பெண்பிள்ளை அவள்தான். "தினம் ரெண்டு வரி எழுதுங்க ஆச்சி, ஒங்க கையெழுத்து வீணாப் போகுதுல்லா" என்றாள். கையெழுத்தைப் பற்றி அவள் சொன்னது சரிதான். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் செல்லக்கனி எழுதியது என்றால் கண்ணாடி இல்லாமல் வாசிக்கலாம் என்பார்கள்.

அதனால்தான் முப்பது வருஷமாக உயிர்ப்பு நோட்டு என் கையில் இருக்கிறது. ஈஸ்டர் அன்று இருட்டு பிரியுமுன் ஊரே மெழுகுதிரியோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போகும். அங்கே அடக்கம் பண்ணினவர்களின் பெயர்களை, அடக்கம் பண்ணின வரிசைப்படி, ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார்கள். பெயர் விழுந்ததும் அந்த வீட்டார் "எழுந்திருப்பார்!" என்று சத்தமாகப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பெயர்களை வருஷா வருஷம் புது நோட்டில் புதிதாக எழுதவேண்டும். செத்தவர்களுக்குப் பழைய தாள் போதும் என்கிறவன் உயிர்த்தெழுதலை நம்பாதவன் என்று என் மாமனார் சொல்லுவார்.

டிசம்பர் வெள்ளத்தில் கல்லறைத் தோட்டத்தின் மேற்குச் சுவர் விழுந்து கிடக்கிறது. கொத்தனார் இன்னும் வரவில்லை. சாயங்காலம் பூவரசுக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினேன். சுவருக்கு வெளியே நிற்கிற மரம். நிழலுக்காக வளர்க்கிறேன்.

மருமகள் லில்லிபாய் போட்ட காப்பியில் கருப்பட்டியைத் தேட வேண்டியிருந்தது. சுற்றிலும் பனங்காடு. இந்த ஊரில் இப்படியும் ஒரு காப்பி.

பிப்ரவரி 15, வியாழன்

பத்துப் பெயர் எழுதினேன். காப்பி கசப்பு.

பிப்ரவரி 25, ஞாயிறு

நோட்டில் தொண்ணூறு பெயர் முடிந்தது. இந்த வருஷம் மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. கடைசிப் பெயர் ஞானாயுதம் ஐயா. நம் சபையில் குருவானவராக இருந்து, ஓய்வு பெற்றபின் இங்கேயே வீடெடுத்துத் தங்கி, போன ஐப்பசியில் காலமானார். அடக்கத்துக்கு அதிகம் பேர் வரவில்லை. ஊருக்கு அவர்மேல் பழைய மனத்தாங்கல்.

வீட்டார் யாரும் ஊரில் இல்லாத பெயர்கள் பதினொன்று உண்டு. பம்பாய்க்குப் போனவர்கள், குடும்பமே அற்றுப்போனவர்கள். அந்தப் பதினொரு பேருக்கும் நான்தான் பதில் சொல்வேன். ஆள் இல்லை என்பதற்காக ஒரு பெயர் அந்தரத்தில் நிற்கலாமா? ஐயாவுடைய மகனும் வெளிநாட்டில். இந்த வருஷம் பன்னிரண்டாகிவிடும்.

இன்று ஆராதனை முடிந்து ஒரு நல்ல காரியம். இருபத்தைந்து வருஷமாகப் பெயர் கூப்பிட்ட மூப்பர் வேதமுத்து அண்ணாச்சிக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, குரலே போய்விட்டது. சிலேட்டில் எழுதித்தான் பேசுகிறார். இனி யார் கூப்பிடுவது என்று சபைக் கமிட்டியில் கேட்டார்கள். நான் எழுந்து, "எம் பேத்தி கூப்பிடுவா" என்றேன். பொம்பளைப் பிள்ளையா என்று ஒருவர் இழுத்தார். "ஆண்டவரோட கல்லறை காலியாக் கெடக்குன்னு மொதல்ல வந்து சொன்னது ஆம்பளையாவே?" என்று கேட்டேன். புதுக் குருவானவர் சிரித்துவிட்டார். சின்ன வயது, பல்லெல்லாம் தெரிகிற சிரிப்பு.

மார்ச் 3, ஞாயிறு

பெர்சிஸுக்குப் போன் போட்டுச் சொன்னேன். குதிப்பாள் என்று நினைத்தேன். குதிக்கவில்லை.

"கூப்பிடுதேன் ஆச்சி. ஆனா எங்கப்பா பேரும் அதுல இருக்கணும்."

"அது எப்பிடிட்டி முடியும்?"

"இங்க ஓ.பி.யில நான் பேரச் சொன்னா, படுத்துக் கெடக்கவனும் எந்திரிச்சு வாரான். எங்கப்பா பேர மட்டும் நான் கூப்பிடக் கூடாதா?"

எழுதிவிட வேண்டியதுதான். அவளுடைய அப்பா ஆசீர், என் ஒரே மகன். பத்தொன்பது வருஷத்துக்கு முன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். பெர்சிஸுக்கு அப்போது ஒன்பது வயது. அப்படிப் போனவனைச் சுவருக்குள் வைப்பதில்லை, பட்டியலில் சேர்ப்பதில்லை என்று ஞானாயுதம் ஐயா மறுத்துவிட்டார். ஊரறிந்த கதை. மேற்குச் சுவருக்கு வெளியே, இப்போது பூவரசு நிற்கிற இடத்தில் அடக்கம். மணி அடிக்கவில்லை.

இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 4, திங்கள்

பூவரசுக்கு மூன்று குடம்.

மார்ச் 10, ஞாயிறு

பெர்சிஸ் ஒருநாள் லீவில் வந்தாள். வந்ததும் வராததுமாக, கமிட்டிக்கு மனு எழுதித் தாருங்கள், உங்கள் கையெழுத்துதான் அழகு என்று உட்கார்ந்துவிட்டாள்.

"செத்துப்போன மனுசன் என்னைக்கோ வேண்டாம்னு சொன்னதுக்காக, இன்னைக்கும் வேண்டாமா? பழைய ரிக்கார்ட எடுத்துப் பாக்கச் சொல்லுதேன். எந்தச் சட்டத்துல எங்கப்பாவ வெளிய வச்சாருன்னு கேப்பேன்."

"ரிக்கார்டையெல்லாம் கிண்டாத."

"ஏன் ஆச்சி?"

"பெரியவங்க முடிஞ்சு வச்சத அவுக்கக் கூடாது."

அடுக்களையில் லில்லிபாய் சோற்றுப்பானையை இறக்கி வைத்தாள். அந்தச் சத்தத்துக்கு வாசலில் கிடந்த நாயே எழுந்து போய்விட்டது. ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்தொன்பது வருஷமாக அவள் இப்படித்தான். அங்கன்வாடி வேலைக்குப் போவாள், வருவாள், சமைப்பாள். தாய்வீட்டுக்குப் போ என்று அந்த நாளில் ஆளுக்காள் சொன்னார்கள். போகவில்லை. ஏன் போகவில்லை என்று நான் கேட்டதுமில்லை.

பெர்சிஸ் சாயங்கால பஸ்ஸில் மதுரைக்குப் போய்விட்டாள். போகிற வழியில் குருவானவர் வீட்டுக்குள் ஏறி இறங்கினாள் என்று கேள்வி.

மார்ச் 14, வியாழன்

குருவானவர் வந்தார். காப்பி கொடுத்தோம். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். பாவம், அவருக்கும் கசப்பு. லில்லிபாய் அங்கன்வாடிக்குக் கிளம்பிப் போகும்வரை மழை, பதநீர் என்று பேசிக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து நான்காய் மடித்த தாள் ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினார்.

"அடக்கப் பதிவேட்டுக்குள்ள இருந்துச்சு ஆச்சி. இந்த எழுத்து எனக்குத் தெரியும். வருஷா வருஷம் பாக்கிற எழுத்துதான். நான் யார்கிட்டயும் காட்டல, காட்டவும் மாட்டேன். இது ஒங்களுக்கும் ஆண்டவருக்கும் உள்ளது."

எழுந்து போய்விட்டார்.

மார்ச் 17, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். காய்ச்சல் இல்லை.

அந்தத் தாளை இங்கே படி எடுத்து எழுதுகிறேன். பொய் எழுதின டைரியில் மெய்யும் இருக்கட்டும்.

'என் மகன் ஆசீரைச் சுவருக்குள் அடக்கம் பண்ண வேண்டாம். மணி வேண்டாம். அவன் பெயரைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். இது என் முழு மனதோடு எழுதிக்கொடுத்தது. செல்லக்கனி.'

ஐயா மறுக்கவில்லை. என் வீட்டு வாசலில் நின்று என்னிடம் கெஞ்சினார். "கூப்பிடுறது நம்ம வேலம்மா, எழுப்புறது அவரு வேல. அத நீங்க எடுத்துக்கிடாதீங்க" என்றார். எந்த வாயால் எழுந்திருப்பார் என்று சொல்வேன், கர்த்தருக்கு முன்னால் பொய் சொல்லச் சொல்கிறீரா என்று கத்தினேன். தாளை எழுதி அவர் கையில் திணித்தேன். அப்போதும் எழுத்து கோணவில்லை. மறுநாள் ஊர் அவரைத் திட்டியது. பெற்றவளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டான் என்றார்கள். அவர் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. சாகும்வரை திறக்கவில்லை.

இன்னும் ஒன்று உண்டு. அதையும் எழுதுகிறேன். ஆசீர் போவதற்கு முந்தின வாரம் என்னிடம் வந்து, "தூக்கமே வர மாட்டேங்குதும்மா, நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது" என்றான். நான் முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தேன். "ஆம்பளப் பிள்ள பேசுத பேச்சா இது, போய் ஜெபம் பண்ணு" என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவன் மேல் கோபம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

மார்ச் 20, புதன்

உளுந்து, அரிசி வாங்க வேண்டும். வாங்கவில்லை.

மார்ச் 24, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. பவனியில் போனேன். பிள்ளைகள் ஓலையில் கிலுக்கு செய்து ஆட்டினார்கள்.

மத்தியானம் வேதத்தை எடுத்து, பெண்கள் கல்லறைக்குப் போகிற அதிகாரத்தை விரல் வைத்து வாசித்தேன். எத்தனை ஈஸ்டருக்குக் கேட்ட பகுதி. கல்லை யார் புரட்டுவார் என்று பேசிக்கொண்டு போகிறார்கள், போனால் கல் புரண்டு கிடக்கிறது. உள்ளே இருந்த தூதன் அவர்களிடம், நீங்கள் போய்ச் சீஷர்களுக்குச் சொல்லுங்கள், பேதுருவுக்கும் சொல்லுங்கள் என்கிறான்.

விரல் அங்கேயே நின்றுவிட்டது. பேதுருவும் சீஷன்தானே? சீஷர்களுக்கு என்றாலே அவனும் அடங்கிவிட மாட்டானா? ஏன் அவன் பெயரைத் தனியாகச் சொல்ல வேண்டும்?

அப்புறம் விளங்கியது. ஆண்டவரைத் தெரியவே தெரியாது என்று மூன்றுதரம் மறுதலித்துவிட்டு ஓடினவன் அவன். பட்டியல் எழுதுகிற வேலை என் கையில் இருந்திருந்தால் முதலில் அவனைத்தான் விட்டிருப்பேன். அவனும் தன் பெயர் அதில் இராது என்றுதான் நினைத்திருப்பான். அதனால்தான் ஆண்டவர் எழுந்த கையோடு அந்த ஒரு பெயரைத் தனியாக எடுத்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

சாவுக்குள் போய்த் திரும்பி வந்த அன்பு, யார் விட்டுப்போயிருப்பான் என்று முதலில் பார்த்திருக்கிறது. நான் முப்பது வருஷம் நோட்டு எழுதியவள். எனக்கு அது தெரியவில்லை.

இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். நல்ல அழுகை.

மார்ச் 25, திங்கள்

வேதமுத்து அண்ணாச்சி வீட்டுக்குப் போய் அந்தத் தாளைக் காட்டினேன். வாசித்தார். ஆச்சரியப்படவில்லை. சிலேட்டை எடுத்து எழுதினார். அவர் எழுத்து கோழி கிண்டினது போல இருக்கும்.

'162-க்குப் பிறகு நான் நிறுத்துவேனே, கவனிச்சிருக்கியா?'

கவனித்திருக்கிறேன். வருஷா வருஷம் நூற்று அறுபத்திரண்டாம் பெயர் முடிந்ததும் ஒரு மூச்சு நேரம் நிற்பார். "அது ஒங்க இளைப்பு இல்லியா அண்ணாச்சி? நான் பனங்கற்கண்டுகூடக் கொண்டாந்து தந்தேனே."

துடைத்துவிட்டு எழுதினார். 'கற்கண்டு நல்லா இருந்துச்சு. இளைப்பு இல்ல. அது ஆசீர் இடம். மனசுக்குள்ள கூப்பிடுவேன். முன்வரிசையில ஒம் பேத்தி உதட்ட அசைச்சுப் பதில் சொல்லும். பத்து வயசுல இருந்து.'

சிலேட்டை என் மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். அழிக்க மனம் வரவில்லை. அவர்தான் வாங்கி அழித்துவிட்டு, 'காப்பி குடிக்கியா?' என்று எழுதினார்.

மார்ச் 26, செவ்வாய்

கொத்தனார் சூசை சுவருக்குக் கயிறு கட்ட வந்தார். குருவானவரும் சபைச் செயலாளர் பொன்பாண்டியும் நின்றார்கள். நான் போய்ப் பூவரசுக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி நின்றுகொண்டேன்.

"இங்க கட்டும்."

"பழைய அஸ்திவாரம் அங்கல்லா இருக்கு ஆச்சி?" என்றார் சூசை.

"அது நான் போட்ட அஸ்திவாரம். அது வேண்டாம்."

பொன்பாண்டி தொண்டையைக் கனைத்தார். "வெளிய வச்ச அடக்கத்த உள்ள கொண்டுவாரதுக்கு ஒரு முறை இருக்குல்லா? கமிட்டி கூடணும்..."

"ஆண்டவரச் சிலுவையில அடிச்சது எங்கவே? மதிலுக்கு உள்ளயா, வெளியயா?"

அவர் குருவானவரைப் பார்த்தார். குருவானவர் தரையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வெளிய இருக்க நெலமும் சபை நெலந்தான். கமிட்டிக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். கயித்த அங்க கட்டும்" என்றார்.

மார்ச் 28, வியாழன்

பெரிய வியாழன். பெர்சிஸ் வந்துவிட்டாள். இராப்போஜன ஆராதனைக்குப் போகுமுன் அவளையும் லில்லிபாயையும் அடுக்களையில் உட்காரவைத்துத் தாளை நீட்டினேன். மனஸ்தாபத்தோடு அந்தப் பந்தியில் கை நீட்டக் கூடாது.

பெர்சிஸ் வாசித்தாள். "ஆச்சி, நீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து பின்வாசலுக்குப் போய்விட்டாள்.

லில்லிபாய் தாளை வாங்கவே இல்லை.

"அத நீங்க எழுதும்போது நான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்னேன் அத்தை."

"தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"பெறவு ஏன் இந்த வீட்டுல கெடந்த?"

அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அவிய கடைசியா எங்கிட்டச் சொன்னது, அம்மாவ விட்டுராதங்கிறதுதான். அது மட்டுமில்ல. பத்து நாளு கழிச்சு ஒரு சாயங்காலம், குடத்தத் தூக்கிக்கிட்டு நீங்க மேற்க போனதப் பாத்தேன். ஒரு மரக்கன்னு வச்சிய. அதுக்குமேல ஒங்கள எப்படி விட்டுட்டுப் போக?"

"எம் மேல கோவமே இல்லியா?"

"இல்லாமலா? அதான் பத்தொம்பது வருசமா ஒங்க காப்பியில கருப்பட்டி போடல."

பின்வாசலில் அழுதுகொண்டிருந்த பெர்சிஸ் சிரித்துவிட்டாள். மூக்கு ஒழுக உள்ளே வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அந்த மனுசன் ஞானாயுதம் ஐயாவ எவ்வளவு வைதிருக்கேன் ஆச்சி, நீங்க ஒரு வார்த்த சொல்லலியே" என்று மறுபடி அழுதாள். மூன்று பேரும் ஆராதனைக்குப் பிந்திப் போனோம்.

மார்ச் 29, வெள்ளி

பெரிய வெள்ளி. மூன்று மணி நேர மும்மணி ஆராதனை முடிந்து எல்லாரும் கஞ்சிக்கு உட்காருமுன் எழுந்து நின்றேன். அந்தத் தாளைச் சத்தமாக வாசித்தேன். என் எழுத்தை நானே திக்கித் திக்கி வாசித்தது இன்றுதான்.

"ஐயா மறுக்கல. நான்தான் மறுத்தேன். ஊரு குடுத்த பழிய அவரு எனக்காகச் சொமந்தாரு."

பொன்பாண்டியின் தாயார், எண்பத்தைந்து வயது, கம்பை ஊன்றி எழுந்தாள். "அந்த மனுசன் நம்ம வாசல்ல நின்னப்போ நான் குடிக்கத் தண்ணி குடுக்கல்லியே செல்லக்கனி" என்றாள். பிறகு, "ஒன்ன என்ன சொல்ல. ஒரு பாவத்தச் சொமந்துகிட்டு நாமதான நெஞ்ச நிமித்திக்கிட்டு நடந்தோம். வா, கஞ்சி குடி" என்று பக்கத்தில் இடம் விட்டாள்.

மார்ச் 30, சனி

நோட்டில் இடையில் செருகி எழுதினால் அவன் இரண்டாம்பட்சம் ஆகிவிடுவான். அதனால் புது நோட்டு வாங்கி முதலிலிருந்து எழுதினேன். பெர்சிஸ் கோடு போட்டாள், லில்லிபாய் பழைய நோட்டைப் பார்த்துச் சொன்னாள். நூற்று அறுபத்திரண்டுவரை கை ஓடியது. அடுத்த பெயருக்கு மட்டும் அரைமணி நேரம் ஆனது. மூன்று எழுத்துதான். கோணிவிட்டது. கோணியே இருக்கட்டும்.

அவனுக்குப் பின்னால் வந்த ஐம்பத்திரண்டு பேரும் ஆளுக்கு ஓர் இடம் நகர்ந்து கொடுத்தார்கள். மொத்தம் இருநூற்றுப் பதினைந்து.

மார்ச் 31, ஞாயிறு

அல்லேலூயா!

நாலரை மணிக்கு மணி அடித்தார்கள். தேரிச் செம்மணலில் ஊர் முழுக்க மெழுகுதிரியோடு நடந்தது. மேற்கே புதுச்சுவர் இடுப்புயரம் எழும்பியிருக்கிறது. பூவரசு உள்ளே நிற்கிறது. அதன் தூரில் லில்லிபாய் முதல் திரியை வைத்தாள், நான் இரண்டாவது. யார் யாரோ வந்து வைத்துக்கொண்டே இருந்தார்கள். எண்ண முடியவில்லை.

பெர்சிஸ் வெள்ளைப் புடவையில் நோட்டைத் திறந்தாள். அடேயப்பா, என்ன குரல்! வேதமுத்து அண்ணாச்சி கூப்பிட்டால் முன்வரிசைக்குத்தான் கேட்கும். இவள் குரல் பனங்காட்டில் போய் மோதித் திரும்பியது. ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வொரு வீடு எழுந்திருப்பார், எழுந்திருப்பார் என்றது. நூற்று அறுபத்திரண்டு வந்தது. பதிலும் வந்தது. பெர்சிஸ் தலையை நிமிர்த்தி அண்ணாச்சியைப் பார்த்தாள். பழக்கமான அந்த ஒரு மூச்சை விட்டாள். பிறகு நோட்டைப் பார்க்காமலே கூப்பிட்டாள்.

"ஆசீர்!"

லில்லிபாய் என் கையைப் பிடித்தாள். நான் எப்படிச் சொல்லப்போகிறேன் என்று மூன்று நாளாகப் பயந்திருந்தேன். பயத்துக்கு நேரமே இல்லை. சத்தம் என் வயிற்றிலிருந்து தானாக வந்தது.

"எழுந்திருப்பான்! எம் பிள்ள எழுந்திருப்பான்!"

வீட்டார்தான் சொல்ல வேண்டும் என்பது முறை. ஆனால் எனக்குப் பின்னால் ஊரே சொன்னது. பொன்பாண்டியின் தாயார் கம்பைத் தரையில் குத்திக் குத்திச் சொன்னாள். குரல் இல்லாத அண்ணாச்சி சிலேட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். மெழுகுதிரி வெளிச்சத்தில் எழுத்து தெரியவில்லை. தெரியவும் வேண்டாம்.

கடைசிப் பெயர் ஞானாயுதம். நான் வாயெடுக்குமுன் இருநூறு குரல் முந்திக்கொண்டது. அவருக்கு என் பதில் தேவைப்படவில்லை. இருந்தாலும் சொன்னேன். அதற்குள் கிழக்கு வெளுத்து, பனைகளுக்கு நடுவே சூரியன் சிவப்பாய் எழும்பியது.

மரணத்துக்குச் சுவர் உண்டு என்று நினைத்திருந்தேன். அன்பு அதை வெறுங்கையால் தள்ளிவிட்டு நடக்கிறது.

ஏப்ரல் 1, திங்கள்

காலையில் மூவரும் பூவரசுக்குத் தண்ணீர் ஊற்றினோம். ஆளுக்கொரு குடம். பெர்சிஸ் ஒன்பது மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

லில்லிபாய் காப்பி கொண்டுவந்தாள். ஒரு வாய் குடித்தேன். பல் கூசுகிற இனிப்பு. "என்னட்டி, சர்க்கரை வியாதிக்காரியக் கொல்லப் பாக்கியா?" என்றேன்.

"பத்தொம்பது வருசத்துப் பாக்கி அத்தை. குடிங்க" என்றாள்.

குடித்தேன்.